கெட்டுப்போனது தொக்குதான், கை அல்ல

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவரின் மகள் ஆற்றிய உரை. உணவுத் தொழில்நுட்பம் படித்துத் தற்போது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறார். பேசியபடியே தருகிறோம்.)



நான் யாருன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். குழுக் கூட்டம் நடக்கும்போது பாய் ஓரத்துல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவ. அம்மாவுக்குக் கை வலிக்குதுன்னு தீர்மான நோட்டை நான் எழுதிக் கொடுத்த நாளும் உண்டு. இந்த மேடையில ஏறிப் பேசுவேன்னு நான் நினைச்சதில்லை.

செயலாளர் அம்மா போன வாரம் போன் பண்ணி, "உன் படிப்பைப் பத்திப் பேசும்மா. பிள்ளைங்களை அதுல சேர்க்கலாமான்னு நிறையப் பேரு கேக்குறாங்க" என்றார். சரி என்றேன். படிப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் அதைச் சொல்ல 2016 தை மாதம் நம் குழுவில் நடந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "சொல்லு, ஆனா பேரு வேண்டாம்" என்றார். அதனால் 'அக்கா' என்றே சொல்கிறேன்.

அந்தப் பொங்கலுக்கு மாவட்டக் கண்காட்சியில் கடை போட அம்மா குழுவுக்கு இடம் கிடைத்தது. 12 பேரும் சேர்ந்து தக்காளித் தொக்கு போட்டார்கள். 150 பாட்டில். பாட்டில் 60 ரூபாய். உள்கடன் எடுத்துத் தக்காளி, எண்ணெய், பாட்டில் எல்லாம் வாங்கினார்கள். முந்தின வருஷம் வாங்கினவர்கள் "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லியிருந்ததால் உப்பைக் குறைத்தார்கள். நாக்குக்கு இதமாக இருக்கட்டும் என்று வெல்லம் சேர்த்தார்கள். பாதிக்கு மேல் கண்காட்சியிலேயே விற்றுவிட்டது. அம்மா முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது வாரம் முதல் பாட்டில் திரும்பி வந்தது. மூடி உப்பிப் போயிருந்தது. திறந்தால் சோடா மாதிரி 'புஸ்' என்றது. மேலே நுரை. அடுத்த நாள் இரண்டு. அப்புறம் கடைக்காரர் ஒருவர் பெட்டியோடு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். மீதி இருந்ததைத் திறந்து பார்த்தால் அதுவும் அப்படியே. குழி தோண்டிக் கொட்டினோம். பணத்தை எப்படியோ கட்டிவிடலாம். "அந்தக் குழு சாமானா? வேண்டாம்மா" என்று சொன்னார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் கூட்டத்தில் ஏன் கெட்டது என்று பேச்சு வந்தது. தக்காளி சரியில்லை என்றார் ஒருவர். எண்ணெய் பத்தவில்லை என்றார் இன்னொருவர். அப்புறம் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "தொடக்கூடாத நாள்ல யாரோ தொட்டிருக்காங்க."

எல்லார் கண்ணும் அக்கா பக்கம் போனது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "ஆமா, அன்னிக்கு எனக்கு மூணாம் நாளு. தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வந்தேன். வேலை நிறைய கிடக்கேன்னு வந்தேன்" என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு மாதத்தில் சேமிப்பைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்.

அப்போது நான் பிளஸ் ஒன். அறிவியல் படிக்கிறவள். செல், பாக்டீரியா, ஈஸ்ட் எல்லாம் பாடத்தில் வந்து, படம் வரைந்து மார்க்கும் வாங்கியிருந்தேன். அப்படிப்பட்ட நான் அன்று இராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்மா, அவங்க அன்னிக்கு வராமயே இருந்திருக்கலாம்ல?" இதை நான் மறைக்கக் கூடாது. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது படிப்புக்கு வருகிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் எங்கள் வேதியியல் டீச்சர்தான் உணவுத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு இருப்பதைச் சொன்னார். கலந்தாய்வில் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சமைக்கிறதுக்கு எதுக்குடி நாலு வருஷம்? உங்கம்மாகிட்ட நாலு நாள் நின்னாப் போதாதா?" அப்பா மேல் தப்பில்லை. பேரைக் கேட்டால் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதல் வருஷம் விடுதிக்கும் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய் குறைந்தது. அம்மா குழுவில் கடன் கேட்டார். தொக்கு நஷ்டம் ஆறாத நேரம். மாடு வாங்க, வீட்டுக் கூரை போட என்று முன்னாடியே கேட்டு வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், "என் கூரை அடுத்த மழைக்குள்ள போட்டாப் போதும், பிள்ளைக்குக் கொடுங்க" என்றார். தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். மாதம் 1,500 அசலும் வட்டியுமாக 20 தவணை. அம்மா ஒரு தவணைகூடத் தவறவில்லை. நான் படித்தது அந்தக் கூரைப் பணத்தில்.

போய்ப் பார்த்தால் முதல் வருஷம் சமையலே கிடையாது! கணக்கு, இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம், பட்டறை வேலை. "அடுப்பு எங்கடி?" என்று அம்மா போனில் கேட்பார். அடுப்பு பிறகுதான் வந்தது, ஆனால் வேறு மாதிரி வந்தது. வெப்பம் ஒரு பாத்திரத்துக்குள் எப்படிப் பரவுகிறது, பாட்டிலின் நடுப்பகுதி சூடாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட வேண்டும். உணவு வேதியியல், நுண்ணுயிரியல், பால், தானியம், பழம் காய்கறி பதப்படுத்துதல், பேக்கிங், உணவுச் சட்டம், கடைசியில் ஆலையில் போய்ப் பயிற்சி. சமையல் என்பது இன்று நாலு பேருக்கு ருசியாகச் செய்வது. இந்தப் படிப்பு, ஆயிரம் பேருக்குச் செய்ததை ஆறு மாதம் கழித்து முகம் தெரியாத ஒருவர் எங்கோ திறந்து சாப்பிட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்கானது. அப்பாவுக்கு இப்படித்தான் சொல்லிப் புரியவைத்தேன்.

இரண்டாம் வருஷம் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு. அகர் என்று ஒன்று உண்டு. கடல்பாசியிலிருந்து எடுப்பது. நாம் நோன்புக்கும் விருந்துக்கும் செய்கிற சைனா கிராஸ் அதுதான். அதில் கிருமிக்குத் தேவையான சத்தைக் கலந்து சின்னத் தட்டில் ஊற்றி உறைய வைப்பார்கள். ஒவ்வொருவரும் கை கழுவாமல் ஒரு தட்டில் விரலை வைக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு இன்னொரு தட்டில் வைக்க வேண்டும். 37 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்து எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒவ்வொன்றும் பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். தட்டைக் கையில் வாங்கும்போதே அக்கா ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் பார்த்தோம். கழுவாத கைத் தட்டு எல்லாருடையதிலும் புள்ளிதான். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. கழுவிய தட்டில் எனக்கு ஐந்தாறு புள்ளி. நுனி விரலை மட்டும் நனைத்துவிட்டு வந்த ஒரு பையனுடைய தட்டில் எண்ண முடியவில்லை. எனக்கு எந்த நாள் என்று அந்தத் தட்டுக்குத் தெரியவில்லை. கழுவினேனா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரிந்தது.

நான் மேடமிடம் தனியாகப் போய் எங்கள் தொக்குக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு என்னென்ன செஞ்சாங்கன்னு வரிசையா எழுதிட்டு வா" என்றார்.

தீபாவளி லீவில் வந்து அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். எழுத எழுத எனக்கே தெரிந்துவிட்டது. நாலு இடத்தில் தவறு நடந்திருக்கிறது. இதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய், தொக்கு போடுகிற குழுக்கள் இங்கே நிறைய இருக்கின்றன.

முதலாவது உப்பு. உப்பு வெறும் ருசிக்கு இல்லை. உணவில் இருக்கும் தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமியால் அந்தத் தண்ணீரை எடுக்க முடியாது. சர்க்கரையும் வெல்லமும் அதே வேலையைச் செய்யும், ஆனால் ஜாம் மாதிரி அதிகமாகப் போட்டால்தான். கிருமிக்குக் கிடைக்கிற தண்ணீரை எங்கள் பாடத்தில் நீர்ச் செயல்பாடு என்று ஓர் எண்ணால் அளப்பார்கள். சுத்தத் தண்ணீருக்கு 1. பச்சைத் தக்காளிப் பழத்துக்கு ஏறக்குறைய 0.99. 0.6-க்குக் கீழே போய்விட்டால் எந்தக் கிருமியும் பூசணமும் வளராது. நன்றாகக் காய்ந்த வற்றலும் அப்பளமும் வருஷக்கணக்கில் இருப்பது அதனால்தான். நாம் உப்பைக் குறைத்தோம், அதற்கு ஈடாக வேறொன்றும் செய்யவில்லை.

இரண்டாவது வெல்லம். கொஞ்சமாகப் போட்டால் அது காவல் இல்லை, ஈஸ்ட்டுக்குத் தீனி. இட்லி மாவு பொங்குகிறதே, பதநீர் கள்ளாகப் புளிக்கிறதே, அந்த மாதிரி வேலை. சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். மூடியை உப்ப வைத்தது அந்த வாயு.

மூன்றாவது பாட்டில். அவசரத்தில் காலையில் கழுவி ஈரத்தோடேயே நிரப்பியிருக்கிறார்கள். கொதிக்கிற தொக்கில் ஈஸ்ட் உயிரோடு இருக்காது. அது பிறகு வருவது ஈர பாட்டிலில் இருந்தும், மூடியில் இருந்தும், காற்றில் இருந்தும், கழுவாமல் திரும்பத் திரும்பப் போடும் கரண்டியில் இருந்தும்தான்.

நான்காவதுதான் முக்கியம். தொக்கை வெதுவெதுப்பாக ஆறவிட்டு நிரப்பி உடனே மூடியிருக்கிறார்கள். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மேலே சொட்டும். அந்தச் சொட்டு விழுந்த இடத்தில் உப்பும் புளிப்பும் நீர்த்துப் போகும். ஈஸ்ட்டுக்கு அந்த ஓர் இடம் போதும். நாங்கள் வகுப்பில் செய்வது, காய்ந்த சூடான பாட்டிலில் 85 டிகிரிக்கு மேல் சூட்டோடு நிரப்பி, மூடி, சில நிமிடம் தலைகீழாக வைப்பது. மூடியின் உள்பக்கமும் அந்தச் சூட்டிலேயே சுத்தமாகிவிடும். இல்லையென்றால் நன்றாக ஆறிய பிறகு காய்ந்த பாட்டிலில் போட்டு மேலே காய்ச்சி ஆறிய எண்ணெய் நிற்கவிடுவது, நம் ஆச்சிகள் ஜாடியில் செய்தது. இரண்டும் இல்லாத அரைகுறைதான் அன்று நடந்தது.

இந்த நாலில் எங்கேயாவது அக்கா இருக்கிறாரா? இல்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து நாலையும் சொன்னேன். தட்டில் விரல் வைத்ததையும் சொன்னேன். "நானும் உங்களைத்தான் சொன்னேன்க்கா, எங்கம்மாகிட்ட" என்றும் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நானும் அப்படித்தான்டி நினைச்சேன். என்னாலதான் கெட்டுச்சுன்னு" என்றார்.

அம்மாக்களே, இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் நம்பியதை விடுங்கள். அவரே நம்பியிருக்கிறார். மூன்று வருஷமாக 12 பேருடைய நஷ்டத்தைத் தன் உடம்பின் மேல் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

நான் எழுதிய தாளை அம்மா கூட்டத்தில் படிக்கச் சொன்னார். படித்தேன். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர், "அதெல்லாம் சரி, ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்கள். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 2020-ல் கொரோனா சமயம், நான் வீட்டிலிருந்து போனில் வகுப்பு கவனித்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் ஊக்குநர் உட்பட ஐந்து பேர் அக்கா வீட்டுக்குப் போய் "வாங்க" என்று கூப்பிட்டார்கள். திரும்ப வந்தார். இப்போது குழுவின் கணக்கு அவர் கையில்தான். ஒரு பைசா பிசகாது. ஆனால் தொக்கு அடுப்புப் பக்கம் மட்டும் இன்றைக்கும் வரமாட்டார். "நீங்க பாருங்க" என்று தள்ளி உட்கார்ந்துகொள்வார். படிப்பு பழியை எடுத்துவிட்டது. அந்தத் தயக்கத்தை அதனால் இன்னும் எடுக்க முடியவில்லை. அது நாம் சேர்ந்து செய்ய வேண்டியது.

அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் உணவைத் தொடலாமா? கூடாது. வயிற்றுப்போக்கு இருப்பவர், கையில் சீழ்ப்புண் இருப்பவர், காய்ச்சலோடு இருமல் தும்மல் இருப்பவர் அன்று உணவு வேலைக்கு வரக் கூடாது. நான் வேலை செய்யும் இடத்திலும் இதுதான் விதி. இதற்குக் காரணம் சொல்ல முடியும், தட்டில் காட்ட முடியும். காரணம் காட்ட முடியாத விலக்கை வைத்துக்கொண்டு, காரணம் உள்ள விலக்கை நாம் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம். விரலில் கட்டோடு மாவு பிசைகிறவரை யாராவது கூட்டத்தில் கேட்டிருக்கிறோமா?

இன்னொன்று. "நம்ம பாட்டி செஞ்சதெல்லாம் தப்பா?" என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் படிப்பே அனுபவசாலிகளிடமிருந்து வந்ததுதான். பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்று ஒருவர். மிட்டாய், இனிப்புப் பண்டம் செய்கிறவர். கண்ணாடிப் பாட்டிலில் உணவைப் போட்டு, இறுக மூடி, வெந்நீரில் கொதிக்க வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்து 1810-ல் புத்தகமே எழுதினார். அரசாங்கம் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஆனால் ஏன் கெடவில்லை என்று அவருக்குத் தெரியாது. கிருமிதான் காரணம் என்று லூயி பாஸ்டர் நிரூபிக்க இன்னும் 50 வருஷம் ஆனது. கைப்பதம் முன்னால் வந்தது, காரணம் பின்னால் வந்தது. காரணம் தெரிந்தால் என்ன லாபம்? சரியாக வருகிற வரைக்கும் கைப்பதம் போதும். கெட்டுப்போகிற அன்றைக்குத்தான் காரணம் வேண்டும். காரணம் தெரியாவிட்டால் ஓர் ஆளைத் தேடுவோம். நாமும் அதைத்தான் செய்தோம்.

பெண்ணுக்கு இந்தப் படிப்பு லேசாகவும் வந்துவிடவில்லை. கமலா சோஹோனி என்று ஓர் அம்மா. 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர் வேறு யாருமில்லை, நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி. ராமன். இவர் விடவில்லை. வாதாடி, நிபந்தனையோடு சேர்ந்து, திறமையைக் காட்டினார். 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து எதை ஆராய்ந்தார் தெரியுமா? பருப்பையும், பதநீரையும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பதநீரால் என்ன சத்து கிடைக்கும் என்று பார்த்தார். நம் பனைமரத்தடியில் இருப்பதுதான் அவருடைய பாடம்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை, நிஃப்டம் என்பார்களே, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அதன் ஆரம்பம் 1967-ல் திருவாரூரில், ஒரு கூட்டுறவு அரிசி ஆலையோடு சேர்ந்த சின்ன ஆய்வுக்கூடம். அறுவடை நேரத்தில் மழை பெய்து நெல் நனைந்து முளைத்துப் போகிறதே, அதற்கு என்ன செய்வது என்று பார்க்கத்தான் அது வந்தது. அதாவது, நம் களத்து மேட்டு அழுகைதான் அந்தப் பெரிய நிறுவனத்துக்கு விதை.

இனி, பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு.

இந்தப் படிப்புக்குப் பல வாசல் இருக்கிறது. பி.டெக். உணவுத் தொழில்நுட்பத்துக்குப் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருப்பது நல்லது. பொறியியல் கலந்தாய்வு வழியாக அண்ணா பல்கலைக்கழகத்திலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும் சேரலாம். வேளாண் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் தனி. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலும் உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம் உண்டு, அதற்கும் விண்ணப்பம் தனி. தஞ்சாவூர் நிஃப்டமுக்கு ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டும். கணிதம் எடுக்காத பிள்ளைகள் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. உணவு அறிவியல், ஊட்டச்சத்து மாதிரி படிப்புகளைப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் ஒரே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்து இடத்தை விடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் வேறு. அந்தந்த வருஷக் கையேட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

பணத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்குக்கே வருகிறது. எனக்கு இவையெல்லாம் இல்லை, எனக்கு ஒருவருடைய கூரைப் பணம் இருந்தது. உங்கள் பிள்ளைக்கு இரண்டும் இருக்கிறது, குழுவும் இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். படித்தவுடன் பெரிய சம்பளம் வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு முதல் மாதம் 15,000 ரூபாய். பால் பண்ணை, பிஸ்கட், மசாலா, கடல் உணவு ஆலைகளில் இரவு ஷிப்ட் உண்டு. குளிர் அறையில் நிற்க வேண்டும். ஒரு தொகுதி சரியில்லை என்று கையெழுத்துப் போட மறுத்தால் மேலே உள்ளவர்களுக்குக் கோபம் வரும். நான் இரண்டு தடவை அப்படி நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குத் துணை வந்தது அந்தப் பொய் சொல்லத் தெரியாத அக்காதான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்கும் இந்தப் படிப்பு தகுதி. அதற்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

சொந்தமாகச் செய்ய நினைக்கும் குழுக்களுக்கு ஒன்று. பிரதமரின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில், உணவு பதப்படுத்தும் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை ஆரம்ப மூலதனம் உண்டு. கூட்டமைப்பு வழியாகக் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணை லேபிளில் போடாமல் விற்காதீர்கள். இன்னும் ஒரே ஓர் எச்சரிக்கை: பூண்டை எண்ணெயில் மட்டும் போட்டு, புளியோ எலுமிச்சையோ வினிகரோ இல்லாமல் மூடி வைத்து விற்க வேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் ஒரு கிருமி நஞ்சு உண்டாக்கும். வாசனை மாறாது, நிறம் மாறாது, உயிரை எடுக்கும். எங்கள் பாடத்தில் புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். எண் சின்னதாக ஆக ஆக புளிப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், என்னையும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் குழுவில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு முறை தொக்கு போடும்போதும் தேதி, தக்காளி எடை, உப்பு எடை, நிரப்பிய சூடு, பாட்டில் எண்ணிக்கை எல்லாம் எழுதுகிறார்கள். அதை எழுதுவது அக்கா. அடுப்பு பக்கம் வராவிட்டாலும், வாசலில் உட்கார்ந்து "சூடு எவ்வளவு? சத்தமா சொல்லுங்க" என்று கேட்டு எழுதுகிறார். எழுதாமல் மூடி போட விடமாட்டார். ஒவ்வொரு குழுவும் அப்படி ஒரு நோட்டு போடுங்கள். அடுத்த முறை ஏதாவது கெட்டுப்போனால் முதலில் அந்த நோட்டைத் திறங்கள். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காதீர்கள்.

என்னைப் படிக்கவைத்த குழுவுக்கும், கூரையைத் தள்ளிப்போட்ட அந்த அம்மாவுக்கும், பேர் சொல்லக் கூடாது என்று சொன்ன அக்காவுக்கும் என் நன்றி.